செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நீர்விளிம்பைக் கரைக்கோடு என்றும், கருமையை ஆழம் என்றும் கொள்ளலாமா?

வினா: மணல்நீட்சி

வணக்கம். முதுநிலைப் புவியியல் ஆய்வேட்டுக்காக, ஓர் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி வளர்ந்திருக்கும் மணல் நீட்சி ஒன்றையும், அதற்கு வெளியே கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் மணல்திட்டுகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளில் இவற்றின் வடிவம் எவ்வாறு மாறியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சொல்ல வேண்டும். இதற்காக 1991, 2001, 2011, 2021 ஆகிய ஆண்டுகளுக்கு ஒன்றாக, மேகம் இல்லாத நான்கு லேண்ட்சாட் (அமெரிக்கப் புவிநோக்குச் செயற்கைக்கோள்) படங்களைப் பதிவிறக்கி, நிலமும் நீரும் சந்திக்கும் கோட்டைக் கண்ணால் பார்த்துத் திரையில் வரைந்தேன்.

திறந்த கடலைப் பார்த்த பக்கத்தில் கரை 1991க்கும் 2021க்கும் இடையே சராசரியாக 60 மீட்டர் பின்வாங்கியிருப்பதாகவும், நீட்சியின் நுனி 700 மீட்டர் நீண்டிருப்பதாகவும் எனக்குக் கிடைத்தது. ஆனால் 2001இல் பின்வாங்கிய கரை 2011இல் முன்னேறி, 2021இல் மீண்டும் பின்வாங்குகிறது. மூழ்கிய திட்டுகள் 2011 படத்தில் மூன்றாகவும் 2021 படத்தில் இரண்டாகவும் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால், அலையின் வேகம் குறைந்த மறைவுப் பகுதியில் கரும்பட்டை ஒன்று இருக்கிறது. அதை ஆழமான கால்வாய் என்று குறித்திருந்தேன்.

வரைபடத்தைப் பார்த்த என் நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் படங்கள் எடுக்கப்பட்ட நேரத்தில் கடல் எந்த மட்டத்தில் இருந்தது?" என்னிடம் விடை இல்லை. இந்த 60 மீட்டரை நான் எந்த அளவுக்கு நம்பலாம், கருமையை ஆழமாகக் கொள்வது சரியா, படகும் எதிரொலிமானியும் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) இல்லாமல் ஆழத்தைக் கணக்கிட முடியுமா, 1991க்கு முன்னால் செல்ல வழி உண்டா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: ஓதமானி

தங்கள் நெறியாளர் கேட்ட கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். படத்தில் தெரிவது கரைக்கோடு அன்று. செயற்கைக்கோள் கடந்து சென்ற அந்த நொடியில் நீர் நின்ற விளிம்பு. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றவற்றம்) ஏறியிருந்தால் அது நிலத்தை நோக்கியும், வற்றியிருந்தால் கடலை நோக்கியும் நகர்ந்திருக்கும். இந்த நகர்வின் அளவைத் தீர்மானிப்பது கரையின் சரிவு. கடற்கரை பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால், நீர்மட்டம் ஒரு மீட்டர் உயரும்போது விளிம்பு 10 மீட்டர் உள்ளே வரும். ஐம்பதுக்கு ஒன்று என்ற மென்சரிவில் அதே ஒரு மீட்டர் 50 மீட்டராகிவிடும். எனவே சரிவும் ஓதமட்டமும் தெரியாமல் 60 மீட்டர் என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு அரிப்பு, எவ்வளவு ஓதம் என்று பிரித்தறிய வழியில்லை. 2011இல் கரை முன்னேறியதாகத் தெரிவதும் அந்தப் படம் வற்றத்தில் எடுக்கப்பட்டதன் விளைவாக இருக்கலாம்.

ஒவ்வொரு படத்தோடும் வரும் தகவல் கோப்பில், எடுக்கப்பட்ட நேரம் நொடி வரை குறிக்கப்பட்டிருக்கும். அருகில் ஓதமானி நிலையம் இருந்தால் அதன் பதிவையும், இல்லையென்றால் எஃப்இஎஸ்2014 போன்ற உலகளாவிய ஓத மாதிரியையும் கொண்டு அந்த நேரத்து மட்டத்தைப் பெறலாம். ஆனால் மாதிரி தருவது நிலவும் சூரியனும் எழுப்பும் ஓதத்தை மட்டுமே. காற்று ஒதுக்கிய நீரும், அலைகள் உடையும்போது கரையோரம் குவியும் நீரும் அதில் சேரா. முகத்துவாரத்தின் உட்பக்கத்தில் ஆற்றுப்பெருக்கும் மட்டத்தை மாற்றும் என்பதால், அங்கே இந்தத் திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள்.

பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்றும் உண்டு. லேண்ட்சாட்டும் ஐரோப்பாவின் சென்டினல்-2உம் சூரியனோடு ஒத்திசைந்த பாதையில் சுற்றுவதால், ஓர் இடத்தை எப்போதும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில், அதாவது காலை 10 மணிக்கும் 10.30க்கும் அருகில் கடக்கின்றன. சூரியனால் எழும் முதன்மை ஓதக்கூறின் காலம் சரியாக 12 மணி நேரம். ஆகவே செயற்கைக்கோள் அந்தக் கூறை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில்தான் பார்க்கிறது. அமாவாசையையும் முழுநிலவையும் ஒட்டி வரும் பேரோதமும் ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் உச்சத்தை எட்டும். அந்த உச்சம் காலை பத்தரையை ஒட்டி அமைந்த கடற்கரையில், மிகத் தாழ்ந்த வற்றம் மாலை நாலரை மணியை ஒட்டி வரும். அதைச் செயற்கைக்கோள் எத்தனை ஆண்டுகள் சுற்றினாலும் பார்க்காது. ஓதச் சேற்றுவெளிகளின் பரப்பைக் கணக்கிடுவோர் இதனால் கீழ்விளிம்பைத் தவறவிடுகிறார்கள். தங்கள் இடத்தில் படங்கள் ஓத வீச்சின் எந்தப் பகுதியை மட்டும் காட்டுகின்றன என்பதை முதலில் ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்.

பத்தாண்டுக்கு ஒரு படம் என்ற முறையைக் கைவிடுவதே நல்லது. 2008 முதல் லேண்ட்சாட் களஞ்சியம் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு செயற்கைக்கோள் 16 நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றால், மேகம் போக எஞ்சியவையே முப்பது ஆண்டுகளுக்கு நூற்றுக்கணக்கில் தேறும். ஒவ்வொன்றிலும் நீர்விளிம்பை எடுத்து, ஓதத்துக்கும் சரிவுக்கும் ஏற்ப ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு காலத்தொடராக வைத்துப் போக்கைக் கண்டால், தனிப்பட்ட படங்களின் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். கோஸ்ட்சாட் என்ற கட்டணமற்ற பைத்தான் தொகுப்பு, கூகுள் எர்த் எஞ்சினிலிருந்து படங்களை எடுத்து இந்த வேலையைத்தான் செய்கிறது. ஓத வீச்சு குறைந்த மணற்கரைகளில் அதன் பிழை 10 மீட்டரை ஒட்டியது. 30 மீட்டர் பிக்சலிலிருந்து அவ்வளவு நுட்பம் கிடைப்பதற்குக் காரணம், நிலமும் நீரும் கலந்த பிக்சலுக்குள் எல்லை எங்கே விழுகிறது என்று அது இடைமதிப்பு காண்பதுதான்.

கண்ணால் வரைவதற்குப் பதிலாக, இரு நிறங்களின் ஒளியை ஒப்பிட்டு நீரைப் பிரிக்கும் நீர்க்குறியீடு ஒன்றைப் பயன்படுத்துங்கள். பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடும் மெக்ஃபீட்டர்ஸின் 1996ஆம் ஆண்டுக் குறியீட்டைவிட, பச்சையையும் குற்றலை அகச்சிவப்பையும் ஒப்பிடும் 2006ஆம் ஆண்டுக் குறியீடு கலங்கிய நீரிலும் நுரையிலும் சற்றுத் தெளிவாகப் பிரிக்கிறது என்பது என் அனுபவம். லேண்ட்சாட் 7இன் வரிதிருத்தும் கருவி 31 மே 2003இல் பழுதடைந்ததால், அதற்குப் பிந்தைய படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கோடுகோடாக விடுபட்டிருக்கும். அந்த இடைவெளிகளை நிரப்பும் கருவிகள் உண்டு. கரை ஆய்வில் மட்டும் அவற்றைத் தொடாதீர்கள். நிரப்பப்பட்ட கரை அளக்கப்பட்ட கரை ஆகாது.

ஓதத்தால் அதிகம் அலைக்கழியாத மற்றோர் அடையாளமும் இருக்கிறது. மணல்மேட்டில் செடிகொடி தொடங்கும் கோடு நாளுக்கு நாள் மாறாது; புயலிலும் தொடர் அரிப்பிலும்தான் பின்வாங்கும். நீர்விளிம்போடு அதையும் தனியாக வரைந்து, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். 1984 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களைத் தானியங்கியாக அலசி 2018இல் வெளியான உலக ஆய்வு ஒன்று, மணற்கரைகளில் 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுவதாகவும், 28 விழுக்காடு வளர்வதாகவும், மீதி நிலையாக இருப்பதாகவும் கண்டது. ஆண்டுக்கு அரை மீட்டர் என்பது முப்பது ஆண்டில் 15 மீட்டர், அதாவது அரைப் பிக்சல். நூற்றுக்கணக்கான படங்கள் இல்லாமல் இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பேசவே முடியாது.


மறுமொழி: கண்ணாடிநீர்

முதல் பகுதியை மேலே உள்ள நண்பர் விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீருக்குள் செல்லும் ஒளி ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே விகிதத்தில் மெலிகிறது. அந்த விகிதம் நிறத்துக்கு நிறம் வேறு. தூய நீரிலேயே 665 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒரு மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சென்று, தரையில் பட்டு மேலே வரும்போது, எஞ்சுவது நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. அண்மை அகச்சிவப்பு இன்னும் விரைவாக மறைகிறது. அதனால்தான் நீர் அந்தப் பட்டையில் (கருவி தனியாகப் பதியும் அலைநீளப் பகுதியில்) கறுப்பாகத் தெரிகிறது. நீர்விளிம்பைப் பிரிக்க அது உதவுவதும் அதனால்தான். பச்சையும் நீலமுமே தெளிந்த நீரில் ஆழமாக இறங்கி மீள்கின்றன. ஆக, ஒரே இடத்தைச் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் அடுத்தடுத்துப் பார்ப்பதே ஆழத்தை உணரும் எளிய வழி. சிவப்பில் தெரியும் திட்டு மிக மேலே இருக்கிறது, பச்சையில் மட்டும் தெரிவது அதற்குக் கீழே, நீலத்தில் மட்டும் தெரிவது அதற்கும் கீழே.

இது புதிய எண்ணம் அன்று. 1975இல் நாசாவும் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவும் இணைந்து, கலிப்சோ கப்பலைப் பஹாமாஸ் கடற்பகுதிக்குக் கொண்டுசென்று, லேண்ட்சாட் மேலே கடக்கும் நேரத்திலேயே கடலில் இறங்கி நீரின் தெளிவையும் தரையின் பளிச்சையும் அளந்தார்கள். தெளிந்த நீரும் வெண்மணல் தரையும் இருந்தால் 22 மீட்டர் வரை ஆழம் காண முடியும் என்று அதில் நிறுவப்பட்டது. அன்றைய கருவியில் நீலப்பட்டையே கிடையாது என்பதையும், பிக்சல் ஏறத்தாழ 80 மீட்டர் என்பதையும் நினைத்தால், அந்த முடிவு இன்றும் வியப்பளிக்கிறது. லைசெங்கா 1978இல் எழுதிய கட்டுரையும், ஸ்டம்ஃபும் உடனாசிரியர்களும் 2003இல் தந்த விகித முறையும்தான் இன்றைய பெரும்பாலான கணக்கீடுகளின் அடித்தளம்.

விகித முறையின் கருத்து எளியது. ஆழம் கூடக்கூடப் பச்சை நீலத்தைவிட விரைவாக மங்குவதால், நீலத்தின் மடக்கையைப் பச்சையின் மடக்கையால் வகுத்தால் கிடைக்கும் எண் ஆழத்தோடு சேர்ந்து உயர்கிறது. தரை வெளிறியதாக இருந்தாலும் கறுத்ததாக இருந்தாலும், அந்த மாற்றம் இரு பட்டைகளையும் ஓரளவு ஒன்றுபோலப் பாதிப்பதால், விகிதம் அவ்வளவாகக் குழம்புவதில்லை. "ஓரளவு" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் கடற்புல்லும் பாசியும் நிறைந்த தரை நீலத்தையும் பச்சையையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. எனவே தாங்கள் கால்வாய் என்று குறித்த கரும்பட்டை வெறும் கடற்புல் படுகையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. மறைவான, அலை குறைந்த பகுதி என்று தாங்களே எழுதியிருப்பது அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. கால்வாயின் ஓரங்கள் பொதுவாகப் படிப்படியாகக் கறுக்கும், அதன் வாய் எங்கேனும் ஆழத்தோடு சென்று சேரும். புல்வெளியின் விளிம்போ கத்தரித்ததுபோல் இருக்கும், உள்ளே வெண்மணல் பொத்தல்கள் தெரியும், பருவத்துக்குப் பருவம் அதன் கருமை மாறும்.

நடைமுறையில் மூன்று தடைகள் வரும். கடலின் மேல் செயற்கைக்கோள் பெறும் ஒளியில் பெரும்பகுதி நீரிலிருந்து வந்ததே அன்று, காற்றுமண்டலம் சிதறடித்தது; நீலத்தில் இது மிக மோசம். நிலத்துக்காக எழுதப்பட்ட திருத்தங்கள் இங்கே போதா. அகோலைட் போன்ற, கடலோர நீருக்கென்றே உருவான மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, அலைமுகடுகளில் சூரியன் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு. ஆழ்நீரில் அண்மை அகச்சிவப்பில் தெரியும் ஒளி பெரும்பாலும் இந்தப் பளபளப்பே என்பதால், அதை அளவுகோலாக வைத்துப் பிற பட்டைகளிலிருந்து கழிக்கும் முறையை ஹெட்லியும் உடனாசிரியர்களும் 2005இல் விளக்கியிருக்கிறார்கள். மூன்றாவது தடையான கலங்கலுக்குத் திருத்தம் இல்லை. ஆற்று வண்டல் பரவிய நாளில் அடித்தரை தெரியவே தெரியாது. அந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு: வண்டல் வெளிறிய நிறத்தில் பரவுவதால், அதுவே ஒரு மணல்திட்டுபோல் தோன்றும். தங்களுடைய 2011ஆம் ஆண்டின் மூன்றாவது திட்டைப் பற்றி எனக்கு இந்த ஐயம்தான். முன்பின் மாதங்களில் ஐந்தாறு படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் நடுமதிப்பை எடுத்தால் வண்டல் கரைந்துவிடும், திட்டு நிற்கும்.

எதிரொலிமானி இல்லாமல் முடியுமா என்றால், விகிதத்தை மீட்டராக மாற்றச் சில இடங்களிலாவது உண்மையான ஆழம் தெரிந்தாக வேண்டும். முன்பு கடல்வரைபடத்தின் எண்களையே நம்பினோம். நகரும் மணலில் அந்த எண்கள் பழையனவாக இருக்கும். இப்போது ஐஸ்சாட்-2 உதவுகிறது. செப்டம்பர் 2018இல் ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோள், 532 நானோமீட்டர் பச்சை லேசரை ஏறத்தாழ 70 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பாக அனுப்பி, திரும்பி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. நீர் தெளிவாக இருந்தால் கடல்மட்டம் ஒரு கோடாகவும், அதற்குக் கீழே அடித்தரை மற்றொரு கோடாகவும் தெரியும். மிகத் தெளிந்த நீரில் 40 மீட்டரை நெருங்கிய ஆழம் வரைகூடக் கிடைத்திருக்கிறது. தரவில் உள்ள உயரம் ஒளி காற்றில் செல்லும் வேகத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. நீருக்குள் ஒளியின் வேகம் குறைவதால் அடித்தரை உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு ஆழமாகத் தோன்றும். தோன்றும் ஆழத்தை ஏறத்தாழ 0.75ஆல் பெருக்கித் திருத்த வேண்டும். இதை மறந்துவிட்டு, மாதிரி ஏன் பொருந்தவில்லை என்று நான் இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன்.

லேசர் கடந்த நேரத்தின் ஓதமட்டமும் படம் எடுத்த நேரத்தின் ஓதமட்டமும் வேறுவேறு என்பதால், இரண்டையும் ஒரே அடிமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் பிழை ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். திட்டின் வடிவத்தையும் நகர்வையும் சொல்ல அது போதும். கப்பல் செல்லும் வழியைச் சொல்லப் போதாது.


மறுமொழி: பழைய நிலவரைஞர்

இருவரும் கருவிகளைப் பற்றி நன்றாகச் சொன்னார்கள். ஆனால் கேள்வி கேட்டவர் தம் நிலவடிவத்தை இன்னும் வாசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது; கோடுகளை மட்டுமே அளந்திருக்கிறார்.

நுனி 700 மீட்டர் நீண்டது என்பதற்கு, நான்கு படங்களைவிட வலுவான சான்று நீட்சியின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும். கரையோரம் மணலை நகர்த்தும் நீரோட்டம் நுனியில் மணலைச் சேர்க்கும்போது, அலைகள் அதை உள்நோக்கி வளைத்துக் கொக்கிபோல் ஆக்குகின்றன. பின்னர் நீட்சி மேலும் வளரும்போது, அந்தப் பழைய கொக்கி பின்தங்கி, செடி மூடிய வளைந்த மேடாக நின்றுவிடுகிறது. அத்தகைய மேடுகள் எத்தனை, எந்தத் திசையில் வளைகின்றன, எங்கே ஒரு மேட்டை மற்றொன்று வெட்டிச் செல்கிறது என்பதைக் கண்டால், நீட்சி எந்தப் பக்கம் வளர்ந்தது, எப்போதேனும் உடைந்து மீண்டதா என்பதெல்லாம் தெரியவரும். செடிகொடியைக் காட்டும் அண்மை அகச்சிவப்புப் பட்டையில் இந்த மேடுகள் தனித்துத் தெரியும். ஒரு பக்கம் அரிப்பு, நுனியில் வளர்ச்சி என்ற தங்கள் முடிவு உண்மையானால், திறந்த பக்கத்தில் பழைய மேடுகள் குறுக்கே அறுபட்டு முடிந்திருக்க வேண்டும். அதைத் தேடுங்கள். நுனியில் ஒரு எச்சரிக்கை: அங்கே மணல் ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும் என்பதால், வற்ற நேரத்துப் படத்தில் அது செயற்கையாக நீண்டு தெரியும்.

படம் தருவதையும் தராததையும் எண்ணும்போது எனக்கு இரண்டு தீவுகள் நினைவுக்கு வருகின்றன. கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால் லேண்ட்சாட் 1 படங்களை ஆராய்ந்தபோது, அதுவரை வரைபடத்தில் இல்லாத பாறைத்தீவு ஒன்று 1976இல் உறுதிசெய்யப்பட்டது. 25 மீட்டர் அகலமும் 45 மீட்டர் நீளமும் கொண்ட அது, படத்தின் ஒரு பிக்சலைவிடச் சிறியது. கறுத்த நீருக்கு நடுவே அது அந்தப் பிக்சலைச் சற்றே வெளிறச் செய்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிபார்க்க ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டவரைப் பனிக்கரடி ஒன்று தாக்க முயன்றது என்பதும் அந்தத் தீவின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பின்னர் அதற்கு லேண்ட்சாட் தீவு என்றே பெயரிட்டார்கள். மற்றொன்று, ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே சாண்டி தீவு என்று கடல்வரைபடங்களிலும் இணைய வரைபடங்களிலும் நெடுங்காலம் இருந்த தீவு. 2012இல் சதர்ன் சர்வேயர் என்ற ஆய்வுக்கப்பல் அங்கே சென்றபோது ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடலே இருந்தது. பழைய வரைபடத்தின் பிழை எண்ணிமத் தரவுக்குள் நுழைந்து, அங்கிருந்து படிப்படியாக நகலெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இருந்த பாறை விடுபட்டும், இல்லாத தீவு நிலைத்தும் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: அதுவரை எவரும் அங்கே சென்று பார்க்கவில்லை.

1991க்கு முன்னால் செல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் லேண்ட்சாட் ஜூலை 1972இல் ஏவப்பட்டது. 30 மீட்டர் பிக்சலும் நீலப்பட்டையும் 1982இல் லேண்ட்சாட் 4இல்தான் வந்தன. அதற்கும் முன்னால் என்றால் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்களின் கறுப்புவெள்ளைப் படச்சுருள்கள் உண்டு. 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட அவை 1995இல் பொதுப்பயன்பாட்டுக்கு விடப்பட்டன. பிற்காலத்துச் சுருள்களில் சில மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். நிலப்படத்தோடு பொருத்துவது கடினமான வேலை, குறிப்பாக அசையாத அடையாளங்கள் குறைந்த மணல் நீட்சியில். ஆயினும் நீட்சியின் பழைய கொக்கிகளை அவற்றில் பார்க்க முடிந்தால் அந்த உழைப்பு வீண்போகாது.


வினாவியவர்: மணல்நீட்சி

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் செய்ததைப் பதிவிடுகிறேன்.

ஓதமட்டத்தைப் பார்த்தேன். 1991 படம் சராசரிக் கடல்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழும், 2021 படம் 70 சென்டிமீட்டர் மேலும் இருந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை. வேறுபாடு 90 சென்டிமீட்டர். மட்டக்கோலைக் கொண்டு நானே அளந்த கரைச்சரிவு நாற்பதுக்கு ஒன்று. ஆகவே 60 மீட்டரில் 36 மீட்டர் ஓதத்துக்கு உரியது. எஞ்சுவது 24 மீட்டர், ஒரு பிக்சலுக்கும் குறைவு. 2011இல் கரை முன்னேறியதும் ஓதமானி அவர்கள் ஐயப்பட்டபடியே வற்றத்தின் விளைவுதான். ஆய்வேட்டின் ஓர் இயலையே நீக்க வேண்டியதாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திறந்த பக்கத்தில் இரண்டு பழைய மேடுகள் குறுக்கே அறுபட்டிருப்பதைக் கண்டேன். எனவே அரிப்பு என்ற முடிவு நிற்கிறது, அளவுதான் மாறுகிறது. படகு ஒன்றில் சென்று கரும்பட்டையின் மேல் நின்று பார்த்தபோது, இரண்டரை மீட்டர் ஆழத்தில் அடர்ந்த கடற்புல் இருந்தது. என் கால்வாய் அங்கே இல்லை. நடுமதிப்புப் படத்தில் மூன்றாவது திட்டும் மறைந்துவிட்டது.

இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. ஆற்றில் நீர்வரத்து உள்ள மாதங்களில் நீர் முழுவதும் கலங்கிவிடுகிறது. திட்டுகள் மிகுதியாக நகர்வது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்த மாதங்களில் ஏதேனும் வழி உண்டா?


மறுமொழி: ஓதமானி

எஞ்சிய 24 மீட்டரைக் குறித்து ஒரு சொல். லேண்ட்சாட்டின் முதல்தரப் படங்களுக்குக்கூட இடப்பொருத்தப் பிழை 12 மீட்டர் வரை அனுமதிக்கப்படுகிறது. இரண்டு படங்களை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேரும். தாங்கள் அளந்த சரிவு இன்றைய சரிவு, 1991இல் அது வேறாக இருந்திருக்கலாம். ஆகவே அந்த இரண்டு படங்களை மட்டும் வைத்து 24 என்று எழுதாமல், படத்தொடர் முழுவதையும் எடுத்துப் போக்கைக் கண்டு, அதன் பிழை எல்லையோடு எழுதுங்கள்.


மறுமொழி: அலைமுகடு

கலங்கிய நீரில் அடித்தரையை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் அடித்தரை மேற்பரப்புக்குச் செய்வதைப் பார்க்க முடியும்.

கரையை நோக்கி வரும் அலை ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து நெருங்குகிறது. பத்து நொடிக் கால அளவுள்ள அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் ஏறத்தாழ 156 மீட்டர். ஐந்து மீட்டர் ஆழத்தில் அதே அலையின் நீளம் 70 மீட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். சென்டினல்-2இன் 10 மீட்டர் பிக்சலில் இத்தகைய அலைவரிசைகள் நன்றாகத் தெரியும். அந்தக் கருவி நீலத்தையும் சிவப்பையும் ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளியில் பதிவு செய்வதால், அந்த ஒரு நொடியில் முகடு எவ்வளவு நகர்ந்தது என்பதும் கிடைக்கும். அலைநீளமும் வேகமும் தெரிந்தால் ஆழத்தைக் கணக்கிடலாம். நீர் தெளிவாக இருக்க வேண்டியதில்லை. ஒழுங்கான நெடிய அலை வர வேண்டும், அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் பல அலைகள் அடங்கிய சதுரம் தேவைப்படுவதால், நூறு மீட்டர் அகலமுள்ள சிறு திட்டு அதில் கரைந்துபோகும்.

இன்னும் எளிய தடயம் வெண்நுரை. திட்டின் மேல் அலை உடையும் இடத்தில் நுரை நிற்கும். பல நாள்களின் படங்களைச் சராசரியாக்கினால் அந்த வெண்பட்டை திட்டின் முகட்டைக் காட்டிக்கொடுக்கும். கரை ஆய்வில் நுரை தொல்லை. திட்டு ஆய்வில் அதுவே உதவி.

மேகம் மூடிய மாதங்களுக்கு ரேடார் உண்டு. ரேடார் அலை நீருக்குள் இறங்குவதில்லை. ஆனால் வலுவான ஓத நீரோட்டம் திட்டின் மேல் ஏறும்போது விரைவடைந்து, இறங்கும்போது தளர்வதால், மேற்பரப்பின் சிற்றலைகள் ஓரிடத்தில் அடர்ந்தும் மற்றோரிடத்தில் அடங்கியும் போகின்றன. மிதமான காற்று வீசினால் இது வெளிறிய, கறுத்த கீற்றுகளாக ரேடார் படத்தில் பதிகிறது. 1978இல் மூன்று மாதங்களுக்குச் சற்று மேலாக மட்டுமே இயங்கிய சீசாட் செயற்கைக்கோளின் படங்களிலேயே மூழ்கிய மணல்மேடுகள் இப்படித் தெரிந்தன. 1984இல் ஆல்பர்ஸும் ஹென்னிங்ஸும் அதற்கான கோட்பாட்டைத் தந்தார்கள். 2014 முதல் சென்டினல்-1 படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கீற்று திட்டின் முகட்டுக்கு நேர்மேலே விழாமல் சற்று விலகி விழும் என்பதாலும், ஓதம் திரும்பும்போது அந்த விலகல் பக்கம் மாறும் என்பதாலும், ஏற்ற நீரோட்டத்தில் எடுத்த படங்களையும் இறக்க நீரோட்டத்தில் எடுத்த படங்களையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.